பெல்ட் இல்லாத நாய்க்கும் ஆள் உண்டு

வரும் திங்கட்கிழமையிலிருந்து நம் ஆஸ்பத்திரியின் முன்னறை நாற்காலியில் நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். ஏழு வருடம் அதில் உட்கார்ந்தவன் நான். முப்பது வயதில் அனுபவம் எழுதக் கிளம்பிவிட்டானே என்று சிரிக்காதீர்கள். அரசுக் கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்துப் போகிறேன். போகும்போது சொல்லாமல் போனால் நான் செய்த தப்பையே நீங்களும் முதலிலிருந்து செய்வீர்கள்.

ஊசி போடும்போது நாயை எப்படிப் பிடிப்பது, பூனையைத் துண்டில் எப்படிச் சுற்றுவது, இதெல்லாம் டாக்டரம்மா சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராதது ஒன்று உண்டு. காணாமல் போன நாயைத் தேடிக்கொண்டு ஒருவர் வருவார். கண்டெடுத்த நாயைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வருவார். அப்போது என்ன செய்வது? "அது நம்ம வேலை இல்லப்பா, நமக்கு வைத்தியம்தான்" என்பார் டாக்டரம்மா. நல்ல டாக்டர், நல்ல மனுஷி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். அது நம் வேலைதான்.

என் கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

காரைக்காலை ஒட்டிய நெரவியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவும் அப்படியே. வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், நான் வந்து படிக்கும்வரை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். அதனால் எனக்குத் தாளின் மேல் ஒரு பக்தி. எழுதியிருந்தால் அது உண்மை, எழுதாதது இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது என் கையெழுத்தைப் பார்த்துத்தான் முன்னறையைக் கொடுத்தார்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் உரிமையாளர் பெயரை முத்து முத்தாக எழுதுவேன். அந்தக் கையெழுத்தாலேயே ஒரு நாயைத் திருட்டுக் கொடுத்தேன்.

சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருநள்ளாறுக்குச் சனிக்கிழமை எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க் கார் ஒன்று வாசலில் நின்றது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஒரு கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் அவர் மனைவி. உடம்பு முடியாமல் இருந்து எழுந்தவர் போல மெதுவாக நடந்தார். நாயின் கழுத்தில் ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஊசியெல்லாம் போட்டு உடுங்க தம்பி. நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"தெருநாயா சார்?"

"தெருநாய்னு சொல்லாதீங்க. நளன் குளத்துல குளிச்சுட்டு ஏறுறோம், நேரா வந்து இவ காலு மேல தலைய வெச்சுப் படுத்துடுச்சு. அத்தன கூட்டத்துல இவ காலு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? மூணு வருஷமா எங்க ஊட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு கஷ்டம். போன மாசந்தான் இவளுக்கு ஆபரேசன். சனீஸ்வரனே அனுப்பி வெச்சாருங்க. பேரு பைரவன்னு வெச்சுட்டோம்."

பரிகாரத்துக்கு வருகிறவர்கள் காக்கைக்கும் கறுப்பு நாய்க்கும் சோறு வைப்பது வழக்கம். வைத்துவிட்டுப் போவார்கள். நாயையே எடுத்துக்கொண்டு போகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பெல்ட் இல்லை, எனவே ஆளும் இல்லை. ஒரு கேள்வி கேட்டேன், ஒரு பதில் வந்தது, எழுதிவிட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். நாயின் பெயர் பைரவன். உள்ளறையில் டாக்டரம்மா வயதைப் பார்க்க நாயின் வாயைத் திறந்தபோது மேல்வரிசை இடது கோரைப்பல் இல்லை என்றார். அதையும் நம் பதிவேட்டில் குறித்தேன். அவரிடம் கொடுத்த புத்தகத்தில் அதற்கு இடம் இல்லாததால் எழுதவில்லை. அந்த நாள் நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். அதுவும் தற்செயல்.

மறுநாள் ஞாயிறு. காலையில் திறந்தவுடன் ஒரு பெண் உள்ளே வந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு, கையில் ஒரு சாக்கு. டாக்டரம்மா கன்று ஈனப்போகும் மாட்டைப் பார்க்க வெளியே போயிருந்தார்.

"தம்பி, கறுப்பு நாயி ஒண்ணு இங்க வந்துச்சா?"

திருநள்ளாறு பக்கத்துச் சுரக்குடிக்காரர். பெயர் வேம்பு. நடவு, களைபறிப்பு எனக் கூலி வேலை. சனிக்கிழமை மட்டும் குளத்துப் பக்கம் எள்ளுப் பொட்டலம் விற்பார். கணவர் திருப்பூரில். வயல் ஓரத்து வீட்டில் அவரும் மூன்று ஆடும் அந்த நாயும்தான். சனிக்கிழமைதோறும் நாய் கூடவே வரும், கூட்டத்தில் சுற்றி வயிறு முட்டச் சாப்பிடும், சாயங்காலம் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். நேற்று வீட்டில் இல்லை.

"விடிஞ்சதும் குளத்தங்கரைக்கு ஓடுனேன். வண்டி நிறுத்துற எடத்துல இருக்குற ஆளு சொன்னாரு, கார்ல ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னு. கார்ல கொண்டு போறவங்க ஊசி போடாமயா கொண்டு போவாங்க? அதான் காரைக்கால்ல நாய் ஆஸ்பத்திரி எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தேன்."

பள்ளிக்கூடம் போகாத அவர் யோசித்ததைப் பார்த்தீர்களா? நான் யோசித்தது என்ன தெரியுமா? "ஏதாச்சும் ஆதாரம் இருக்காக்கா? போட்டோ, புத்தகம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"உங்க நாய்தான்னு..."

"ஏன், அடுத்தவன் நாயக் கேக்கத்தான் நான் பஸ்ஸு ஏறி வந்தனா? என் புருஷனுக்கே எங்கிட்ட போட்டோ இல்ல தம்பி. அதுக்காக அவரு என் புருஷன் இல்லன்னு ஆயிருமா?"

காத்திருந்த ஆட்டுக்காரர் பின்னாலிருந்து சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாயிற்று. அந்தக் கேள்வியை இதற்குமுன் நான் அரசு ஆபீஸ்களில் காதால் கேட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என் அப்பாவிடம் கேட்பார், ஆதாரம் எங்கே என்று. அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். இப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. பார்த்தா வெளிய தெரியாத அடையாளம் ஏதாவது இருக்கா? உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது?"

அவர் சாக்கை மடித்தார், பிரித்தார்.

"மேல ஒரு பல்லு இருக்காது. இந்தப் பக்கம்." தன் இடது கன்னத்தைத் தொட்டார். "அறுப்பு முடிஞ்சு எலி வளை தோண்டிக்கிட்டு இருந்தேன். பாவி, மூஞ்சிய உள்ள வுட்டுட்டான். என் மம்பட்டிதான் பட்டுச்சு. என் கையாலதான். ரெண்டு நாளு கஞ்சியத்தான் நக்குனான்."

பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கவே தேவையில்லை. நான் எழுதியது எனக்கு மனப்பாடம்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். ஒரு பிராணி கிடைத்திருக்கிறது என்று நீங்கள் செய்தி போடும்போது எல்லா அடையாளத்தையும் போட்டுவிடாதீர்கள். ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கால், வெட்டுப்பட்ட காது எல்லாவற்றையும் போட்டோவோடு போட்டுவிட்டால், படித்தவன் எல்லாம் உரிமையாளன் ஆகிவிடுவான். சொந்தக்காரர் சொல்ல வேண்டிய ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். அதைக் கேட்கும்போது திருடனிடம் கேட்பதுபோல் கேட்காதீர்கள். வேம்பக்கா எனக்குக் கொடுத்த சூடு உங்களுக்கும் கிடைக்கும்.

கோயம்புத்தூர்க்காரரின் எண் பதிவேட்டில் இருந்தது. போன் எடுத்தேன். "சார், உங்க நாய்க்கு வேற ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிடமே காரை எடுத்திருப்பார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. உண்மையில் ஒரு பாதியைச் சொன்னேன்.

"சார், நேத்து குடுத்த புத்தகத்துல நான் தப்பா எழுதிட்டேன். திருத்தணும். எங்க இருக்கீங்க?"

"லாட்ஜ்லதான். இன்னும் முக்கா மணி நேரத்துல கெளம்பிருவோம். சீக்கிரம் வாங்க."

அடுத்து டாக்டரம்மாவுக்கு. அவர் ஒரு கை போனிலும் ஒரு கை மாட்டிலுமாக இருந்திருப்பார்.

"புத்தகம் குடுத்தாச்சுல்ல? விடு. யாரு நாயி யாருதுன்னு தீர்ப்பு சொல்ல நாம யாரு?"

"தீர்ப்பை நான் நேத்தே சொல்லிட்டேன் டாக்டரம்மா. எழுதிக் குடுத்துட்டேன்."

"கவுண்டரை விட்டு எங்கயும் போகாத."

போனேன். ஆட்டுக்காரரிடமும், கூடையில் பூனையோடு இருந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டு வெளியே உட்காரச் சொன்னேன். "போப்பா, ஆடு எங்கயும் ஓடாது" என்றார் ஆட்டுக்காரர். முன்னறையைப் பூட்டினேன். வேம்பக்காவை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு திருநள்ளாறு போகும்வரை அவர் என் தோளைப் பிடிக்கவில்லை, சாக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அது நாய் படுக்கிற சாக்கு.

லாட்ஜ் வாசலில் கார்க் கதவு திறந்திருந்தது. நிழலில் நாய் கட்டியிருந்தது. கழுத்தில் புதுச் சிவப்பு பெல்ட், முன்னால் ஒரு இலையில் தயிர்சாதம். எங்களைப் பார்த்ததும் ஓடி வரும், குதிக்கும், அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் இரண்டு தடவை தரையில் அடித்தது.

"ஏண்டா துரை, தயிர்சாதத்துக்கு வெலபோயிட்டியா?" என்றார் வேம்பக்கா. குரல் உடைந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரரின் முகம் மாறியது.

"யாருங்க இந்தம்மா? அவங்கள்தா இருந்தா பாஞ்சு வந்திருக்க வேண்டாமா? பாருங்க, படுத்துட்டேதான் இருக்குது."

"பாதி இலைய தின்னுருக்கான் சார், எப்படிப் பாய்வான்?" என்றார் வேம்பக்கா. "வயிறு ரொம்புனா அவன் எனக்கே எந்திரிக்க மாட்டான்."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாலை ஆட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஸ்கட் கொடுத்தவரிடமும் நாய் ஆட்டும். பயந்துபோன நாய் சொந்தக்காரரைக் கண்டே ஒதுங்கும். நாயை நீதிபதி ஆக்கிவிட்டு நாம் கை கழுவக் கூடாது.

கோயம்புத்தூர்க்காரர் சட்டைப்பையிலிருந்து தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக விரித்தார். "இது உங்க கையெழுத்துதானுங்களே? யாரு பேரு போட்டிருக்குது? படிங்க."

படித்தேன். சத்தமாகவே படித்தேன்.

"அப்புறம் என்னங்க? வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க. புத்தகம் என் பேர்ல இருக்குது. கோர்ட்டுக்குப் போனாலும் இதுதான் பேசும்."

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வேம்பக்கா என்னைப் பார்த்தார். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகம் வைத்திருக்கிறவர் ஜெயிப்பார் என்று தெரியும். அவர் கை சாக்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. தோற்றுத் திரும்பிப் போகத் தயாராகிற முகம் அது. அந்த முகத்தை எனக்கு என் வீட்டிலேயே தெரியும்.

"கூப்பிடுங்க சார்" என்றேன். "போலீஸ்கிட்ட நானே சொல்றேன். விசாரிக்காம எழுதினவன் நான். சோம்பேறித்தனமா எழுதினவன் நான். நான் எழுதினதுக்காக இவங்க நாய் உங்களுதாயிடாது. எழுதின எனக்கே அது தப்புன்னு தெரியும்போது, அந்தத் தாளு யாருக்காகப் பேசும்?"

நான் பெரிய தைரியசாலி இல்லை. ஆனால் ஒன்று கண்டுகொண்டேன். தப்பு என்னுடையது என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், நம்மை மிரட்ட எதிராளியின் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

"பல்லைக் கேளுங்க சார். வாயில எந்தப் பல்லு இல்லன்னு நீங்க சொல்லுங்க. நேத்திலேருந்து உங்ககிட்டதான் இருக்கு."

அவர் நாயின் மூடிய வாயைப் பார்த்தார். வேம்பக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "துரை, ஈ காட்டு" என்றார். நாய் பேசாமல் இருந்தது. அவர் விரல் மேல் உதட்டைத் தூக்கியது. இடது பக்கம் வெறும் ஈறு. ஊசி போடும்போது இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்த நாய் அது.

"சனீஸ்வரன் எங்க ஊருலதான் சார் இருக்காரு" என்றார் வேம்பக்கா, நிமிராமலே. "உங்களுக்குக் குடுக்கணும்னா எங்கிட்டேருந்து புடுங்கியா குடுப்பாரு?"

அப்போதும் கோயம்புத்தூர்க்காரர் அசையவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மனைவி பிழைத்து எழுந்தது அந்த நாயால்தான் நிலைக்கும் என்று நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையைக் கையிலிருந்து விட அவருக்குப் பயம்.

மனைவிதான் பேசினார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

"ராத்திரி பூரா அது கதவையே பார்த்துட்டுக் கெடந்துச்சுங்க. நான் பார்த்தேன். உங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டேன்."

மெதுவாக வந்து குனிந்து கயிற்றை அவிழ்த்தார். பெல்ட்டையும் கழற்றப் போனார்.

"அது இருக்கட்டும்மா" என்றார் வேம்பக்கா. "இல்லன்னா அடுத்த சனிக்கிழமை வேற யாராச்சும் சாமின்னு தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க. உங்களுக்குச் சோறு வைக்கணும்னு தோணுனா வாங்க. குளத்தங்கரையிலதான் இருப்பான். சோறு வைக்கிறதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவணுமா என்ன?"

அந்த அம்மா சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பெட்டியை எடுத்துக் காரில் வைத்தார்.

லாட்ஜ் படியிலேயே உட்கார்ந்து அவர் பெயரை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: வேம்பு, சுரக்குடி. நாயின் பெயர்: துரை. கீழே என் கையெழுத்து. வேம்பக்கா எட்டிப் பார்த்தார்.

"என் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். விரல் வைத்துப் பார்த்தார்.

"இம்மாஞ் சின்னதாவா?"

"இதுல இடம் அவ்வளவுதான்க்கா."

திங்கட்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டார். முன்னறையைப் பூட்டிவிட்டுப் போனது தப்பு என்றார். ஒத்துக்கொண்டேன். கொடுத்த புத்தகத்தில் அடித்து எழுதியது தப்பு என்றார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் இல்லை.

அதற்குப் பிறகு கண்டெடுத்த நாய் என்று எது வந்தாலும், ஊசி உடனே போடுவோம், உரிமையாளர் இடத்தை மட்டும் காலியாக விடுவேன். எங்கே கிடைத்தது, எத்தனை மணிக்கு என்று கேட்பேன். அந்த இடத்து டீக்கடை, பால்காரர், மீன் விற்கிற அம்மா எல்லோரையும் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். போனில் செய்தி போடுவது அதற்குப் பிறகுதான். பெரும்பாலான நாய்கள் தொலைந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும். நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. பட்டினச்சேரிக்காரர் ஒருவரின் நாயை நான்கு நாள் காரைக்கால் முழுக்கத் தேடினோம். அது வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் நாகூரில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் சுகமாகப் படுத்திருந்தது. எல்லை நமக்குத்தான், அதற்கு இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களின் எண்களும் மேசை இழுப்பறையில் ஒட்டியிருக்கின்றன. கிழித்துவிடாதீர்கள்.

நம் சேர்க்கைத் தாளில் உரிமையாளர் பெயர் என்ற வரிக்குக் கீழே, ஒவ்வொரு தாளிலும் நான் பேனாவால் ஒரு வரி எழுதி வைத்திருப்பேன்: 'இதை இப்போது யார் தேடிக்கொண்டிருப்பார்கள்?' வேண்டாத வேலை என்று உங்களிடம் சொல்வார்கள். புதுத் தாள் அச்சடிக்கும்போது இரண்டு தடவை கேட்டேன், இடமில்லை என்று இரண்டு தடவையும் விட்டுவிட்டார்கள். உங்களிடமும் இடமில்லை என்றே சொல்வார்கள்.

ஓரத்தில் எழுதுங்கள். கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.